போட்டோவில் நிறம் ஏன் மாறுகிறது? மலைநாட்டில் கெமரா பிடிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று பல வருடமாகப் படம் எடுக்கிறேன். சனிக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகள் கெமராவோடு வருவார்கள், போனில் கேட்பவர்களும் உண்டு. ஊர் வேறு, ஆள் வேறு, கேள்வி மட்டும் ஒன்றேதான்: கண்ணால் பார்த்த நிறம் படத்தில் ஏன் வரவில்லை? திரும்பத் திரும்பச் சொன்னதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, கெமரா புதுசு, விலையும் கூட. ஆனா கலர் சரியில்ல. கெமரா பழுதா?

பழுதாக இருக்காது. வெளிச்சத்தைப் பாருங்கள். ஒரு வெள்ளைக் கோப்பையை அடுப்படியில் விறகு நெருப்புக்குப் பக்கத்தில் வைத்தாலும், வாசலில் பனிமூட்டத்தில் வைத்தாலும், டியூப் லைட்டுக்குக் கீழே வைத்தாலும் நம் கண்ணுக்கு அது வெள்ளைக் கோப்பைதான். கண்ணும் மூளையும் சேர்ந்து வெளிச்சத்தின் நிறத்தைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை மட்டும் நமக்குச் சொல்கின்றன. கெமராவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. வந்து விழுந்த ஒளியில் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று அளந்து எழுதுகிறது, அவ்வளவுதான்.

அதனால் நிறம் சரியாக வர வேண்டும் என்றால் பட்டனைத் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று: இப்போது இந்தப் பொருள்மேல் விழுகிற வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, வழியில் எதைத் தொட்டுவிட்டு வருகிறது? கீழே உள்ள பதில்கள் எல்லாமே சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வரும்.

ஒயிட் பேலன்ஸ்னா என்னா? ஓட்டோவுல விட்டா போதாதா?

கண் தானாகச் செய்கிற அந்தக் கழித்தலைக் கெமராவுக்கு நாம் சொல்லிக்கொடுப்பதுதான் ஒயிட் பேலன்ஸ். "இந்த வெளிச்சத்தில் இதுதான் வெள்ளை, இதை வைத்து மற்றதைச் சரிபண்ணு" என்கிறோம். ஓட்டோவில் விட்டால் கெமரா படத்துக்குள் இருப்பதைப் பார்த்து ஊகிக்கிறது. கலவையாகப் பல நிறம் உள்ள காட்சியில் ஊகம் நன்றாகவே வரும்.

ஆனால் நம் ஊரில் ஃபிரேம் முழுக்க ஒரே நிறம் வருவது சாதாரணம். தேயிலை மலையைக் குறிவைத்தால் எங்கும் பச்சை. வெளிச்சமே பச்சையோ என்று கெமரா சந்தேகப்பட்டுக் கொஞ்சம் ரோஸ் நிறத்தைக் கலந்துவிடும், கொழுந்து பச்சை மங்கிப்போகும், பறிப்பவரின் முகம் செவந்து நிற்கும். இன்னொரு தொந்தரவு, ஓட்டோ ஒவ்வொரு ஷாட்டுக்கும் புதிதாக ஊகிக்கும். ஒரே மணப்பெண்ணின் பத்துப் படமும் பத்து நிறமாக இருந்தால் அல்பம் போடும்போது தெரியும் கஷ்டம்.

கெல்வின் கணக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது. கூடினா நீலம்ங்கிறாங்க, நான் கூட்டினா படம் மஞ்சளாகுதே?

இரண்டுமே சரிதான். கெல்வின் எண் வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கிறது. குத்துவிளக்குச் சுடர், மெழுகுவர்த்தி எல்லாம் ஏறத்தாழ 1900, பழைய குண்டு பல்ப் 2700 அல்லது 2800, நடுப்பகல் வெயில் 5200 முதல் 5500, மேகம் மூடிய வானம் 6500 பக்கம், வெயில் படாத நிழலில் வெறும் நீல வானம் மட்டும் தெரிந்தால் 7500க்கு மேலும் போகும். எண் கூடக் கூட வெளிச்சம் நீலம்.

கெமராவில் நீங்கள் 7500 என்று வைப்பது, "வருகிற வெளிச்சம் ரொம்ப நீலம்" என்று அதற்குச் சொல்வது. உடனே அது நீலத்தை ஈடுகட்ட மஞ்சளைக் கூட்டுகிறது. நோய் நீலம், மருந்து மஞ்சள் என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது. மெனுவில் பச்சைக்கும் ரோஸுக்கும் நடுவே இன்னொரு கோடு இருக்கும், டின்ட் என்பார்கள். டியூப் லைட்டுக்கும் தேயிலை மலைக்கும் அது ரொம்ப முக்கியம், கெல்வினை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தால் பச்சை போகவே போகாது.

சாம்பல் அட்டை வாங்கச் சொல்றாங்க. அத வச்சு என்னா செய்றது?

கிரே கார்டு என்பது தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டை. எந்த நிறத்துக்கும் சாயாமல் இருப்பதுதான் அதன் வேலை. ஆள் நிற்கிற அதே இடத்தில், முகத்துக்குப் பக்கத்தில் அட்டையைப் பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுங்கள். நீங்கள் நிற்கிற இடத்தில் வைத்து எடுத்தால் பிரயோசனம் இல்லை, அங்கே விழுகிற வெளிச்சம் வேறு. பிறகு கெமராவின் கஸ்டம் ஒயிட் பேலன்ஸில் அந்தப் படத்தைக் கொடுக்கலாம், இல்லையென்றால் கணினியில் ஐட்ராப்பர் (நிறத்தைத் தொட்டு எடுக்கும் கருவி) வைத்து அட்டையைத் தொட்டு, அந்த அளவை மற்றப் படங்களுக்கும் ஒட்டிவிடலாம்.

வெளிச்சம் மாறினால் அட்டைப் படமும் புதிதாக எடுக்க வேண்டும். நுவரெலியாவில் பத்து நிமிடத்துக்குள் வெயில், மூடுபனி, தூறல் மூன்றும் வந்துபோகும், அந்த நாளில் அட்டை சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

அட்டை இல்லாட்டி வெள்ள வேட்டிய வச்சு எடுத்துக்கலாம் தானே?

வேண்டாம். கண்ணுக்கு அது வெள்ளை, கெமராவுக்கு லேசான நீலம். சலவைத்தூளில் ஒளியூட்டி ரசாயனம் இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியே விடுகிறது. ஏ4 தாளிலும் இதே ரசாயனம்தான். மேலே ஏற ஏற, ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதனால் கொழும்பில் லேசாகத் தெரிகிற இந்த நீலம் இங்கே இன்னும் நன்றாகத் தெரியும். அந்த நீல வேட்டியை வெள்ளை என்று கெமராவுக்குச் சொன்னால் முகமெல்லாம் மஞ்சள் பூசின மாதிரி வரும்.

காசு செலவில்லாத நல்ல வழி ஒன்று உண்டு. குழாய் வேலைக்காரர்கள் திருகு மரைக்குச் சுற்றுகிற வெள்ளை டேப் ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும், டெஃப்ளான் டேப் என்று கேளுங்கள். அதை ஒரு சிறு பலகைத் துண்டில், கீழே உள்ள மரத்தின் நிறம் துளியும் தெரியாத அளவுக்குப் பல சுற்றுச் சுற்றுங்கள். அந்தப் பொருள் எல்லா நிற ஒளியையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் திருப்பி அனுப்பும். வெள்ளை என்பதால் ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும், எக்ஸ்போஷர் (கெமரா உள்ளே வாங்கும் வெளிச்சத்தின் அளவு) கூடிப்போய் அந்த இடம் வெளுத்துவிட்டால் அளவு பிழைத்துப்போகும்.

ரா ஃபைலா, ஜேபெக்கா?

நிறம் முக்கியம் என்றால் ரா, அதாவது கெமரா அளந்ததைச் சமைக்காமல் அப்படியே வைக்கும் ஃபைல். ஜேபெக்கில் ஒயிட் பேலன்ஸைக் கெமரா படத்தோடு சேர்த்துச் சமைத்துவிடுகிறது, ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் மிச்சம். சாதாரணமாக 12 அல்லது 14 பிட்டில் வரும் ராவில் ஒரு நிறத்துக்கு 4096 அல்லது 16384 படிகள் இருக்கும், ஒயிட் பேலன்ஸ் அங்கே வெறும் குறிப்புத்தான், பிறகு எத்தனை தடவையும் மாற்றலாம்.

ஆனால் ரா எல்லாப் பிழைக்கும் மருந்து இல்லை. வெளுத்துப்போன சிவப்பையும், அந்த இடத்தில் வெளிச்சமாகவே வராத நிறத்தையும் ராவும் திருப்பித் தராது. ஜேபெக்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் படப் பாணியை நியூட்ரலில் வையுங்கள், விவிட் வேண்டாம்.

காலையில பனிக்குள்ள எடுத்த படமெல்லாம் நீலமா வருது. அத மாத்தணுமா, விடணுமா?

எதற்காக எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பெரட்டுக் களத்தில் (காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடம்) நிற்கிற ஒருவரின் முகம்தான் படம் என்றால் அட்டை வைத்துச் சரிபண்ணுங்கள், 6500க்கும் 7500க்கும் நடுவில் எங்காவது வந்து நிற்கும். காட்சிதான் படம் என்றால் நான் முழுதாகக் கழிப்பதில்லை. விடியற்காலைக் குளிரில் கண்ணும் அந்த நீலத்தைக் கொஞ்சம் உணர்கிறது, எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டால் பகல் பத்து மணிப் படம் மாதிரி ஆகிவிடும்.

தூரத்து மலை நீலமாகத் தெரிவது வேறு விஷயம். அது பிழையே இல்லை, நடுவில் உள்ள காற்று நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கிறது. அதற்கென்று யூ.வி. ஃபில்டர் வாங்கச் சொல்பவர்களை நம்ப வேண்டாம், டிஜிட்டல் சென்சருக்கு முன்னால் உள்ள கண்ணாடியே புற ஊதாவில் பெரும்பகுதியை நிறுத்திவிடும். லென்ஸில் கீறல் விழாமல் இருக்க அது உதவும், நிறத்துக்கு உதவாது.

கொழுந்து எடுக்கிற இடத்துல ஆளுங்க மொகத்துல பச்ச அடிக்குது, குறிப்பா தாடைக்குக் கீழ.

முதல் பதிலில் சொன்ன "எதைத் தொட்டுவிட்டு வருகிறது" என்பது இதுதான். வெயில் இடுப்பளவுத் தேயிலைச் செடியில் பட்டுத் தெறித்துக் கீழேயிருந்து முகத்துக்கு வருகிறது. மேலிருந்து வருவது வெள்ளை, கீழிருந்து வருவது பச்சை. இரண்டு வெளிச்சத்துக்கு ஒரே ஒயிட் பேலன்ஸ் பொருந்தாது.

வெள்ளைத் துணியையோ வெள்ளை ரெஜிஃபோம் (தெர்மோகோல்) பலகையையோ இடுப்பு உயரத்தில், ஃபிரேமுக்கு வெளியே ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள், பச்சை தெறிப்பது மறைந்து வெள்ளை தெறிக்கும். உதவிக்கு ஆள் இல்லை என்றால் செடியை விட்டு விலகி ரோட்டோரத்துக்கு அவரை வரச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், அவர் நிறுவைக்குக் கொழுந்து சேர்க்க வேண்டும், உங்கள் படத்துக்காக அரை மணி நேரம் நிறுத்தி வைக்காதீர்கள்.

இலையின் பச்சை வெளிறி வந்தால் காரணம் வேறு. தேயிலை இலை மினுங்கும், அந்த மினுக்கம் வானத்தின் வெள்ளையைக் காட்டி உள்ளே உள்ள பச்சையை மறைக்கிறது. போலரைசர் ஃபில்டரைத் திருப்பிப் பாருங்கள், மினுக்கம் குறைய அடியில் உள்ள உண்மையான பச்சை எழும்பி வரும். கணினியில் நிறத்தைக் கூட்டி அதைக் கொண்டுவர முடியாது.

கல்யாணப் பந்தலுக்கு நீலப் படங்கு கட்டிட்டாங்க. மாப்பிள்ளையும் பொண்ணும் நீலமாயிட்டாங்க. எப்படிச் சரிபண்றது?

படங்கு (தார்ப்பாய்) ஒரு பெரிய நீல ஃபில்டர். வெயிலில் உள்ள சிவப்பைப் பெரும்பாலும் அங்கேயே தடுத்துவிடுகிறது. அட்டை வைத்துச் சரிபண்ணினால் ஓரளவு வரும், ஆனால் கெமராவுக்கு வந்த சிவப்பே கொஞ்சம் என்பதால் அதை இழுத்துக் கூட்டும்போது முகத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சலும் கூடவே வரும்.

முக்கியமான படங்களுக்கு அவர்களைப் பந்தலின் விளிம்புக்குக் கொண்டுவந்து, வெளியே வானத்தைப் பார்க்க நிறுத்துங்கள். மணவறைக்குள் நடப்பதற்கு ஃபிளாஷ் நேராகவோ, வெள்ளைக் குடையிலோ அடிக்க வேண்டும். மேலே படங்கில் பட்டுத் தெறிக்க விட்டால் ஃபிளாஷும் நீலமாகித்தான் திரும்பி வரும். முடிந்தால் முதல்நாளே வீட்டுக்காரரிடம் பேசி, மணவறைக்கு நேர் மேலே மட்டுமாவது வெள்ளைத் துணி கட்டச் சொல்லுங்கள். நான் அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுகிறேன், அநேகமாக எல்லோரும் கேட்கிறார்கள்.

ஹோல்ல ஒரு பக்கம் மஞ்ச பல்ப், ஒரு பக்கம் டியூப், ஜன்னல்ல வெயில். எதுக்கு வைக்கிறது?

முகத்தில் எது விழுகிறதோ அதற்கு. பின்னணி மஞ்சளாகவோ நீலமாகவோ போனால் பார்ப்பவர் ஏற்றுக்கொள்வார், முகம் போனால் ஏற்றுக்கொள்ள மாட்டார். அதற்கும் முன்னால், அணைக்கக்கூடிய விளக்கை அணைத்துவிடுங்கள். ஃபிளாஷ் போட்டால் அது ஏறத்தாழ 5500, மஞ்சள் பல்ப் 2800, அதனால் ஆள் வெள்ளையாகவும் சுவர் செம்மஞ்சளாகவும் வரும். ஃபிளாஷ் முகத்தில் ஆரஞ்சு நிற ஜெல் தாளை ஒட்டி இரண்டையும் ஒரே நிறமாக்கிவிட்டு, அந்த நிறத்துக்கு ஒயிட் பேலன்ஸ் வையுங்கள்.

மலிவு எல்.ஈ.டி. பல்புகளில் இன்னொரு குறை உண்டு. வெளிச்சம் வெள்ளையாகத் தெரியும், உள்ளே ஆழ்ந்த சிவப்புக் குறைவாக இருக்கும். அதில் தோலும் குங்குமமும் செத்த நிறமாக வரும். ஸ்டூடியோவுக்குப் பல்ப் வாங்கும்போது பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

ஒரே எடத்துல, ஒரே செட்டிங்ல எடுத்தேன், ஒரு படம் மஞ்ச, ஒரு படம் பச்ச. இது என்னா மாயம்?

டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்திருப்பீர்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் விளக்கு வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. பழைய சோக் வைத்த டியூப்பில் வெளிச்சம் மட்டும் இல்லை, நிறமும் சேர்ந்து மாறும். 1/500 வினாடி வேகத்தில் எடுத்தால் அந்த ஏற்ற இறக்கத்தின் ஒரு சிறு துண்டு மட்டும் விழும், ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு துண்டு. சில படத்தில் பாதி ஒரு நிறம், பாதி இன்னொரு நிறமாகக்கூட வரும்.

ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வையுங்கள், முழுச் சுற்றும் உள்ளே வந்துவிடும். சத்தமில்லாத எலக்ட்ரோனிக் ஷட்டரை ஹோலுக்குள் போடாதீர்கள், கோடு கோடாக வர வாய்ப்புக் கூட.

டீ.ஜே. லைட் நீலத்துலயும் ஊதாவுலயும் எடுத்த படத்துல தோல் நிறத்த மீட்கலாமா?

முடியாது. வெறும் நீல எல்.ஈ.டி.யில் சிவப்பே இல்லை, இல்லாததை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. கறுப்பு வெள்ளையாக்குங்கள், இல்லையென்றால் அந்த நீலத்தை அப்படியே விடுங்கள், இரண்டுமே நேர்மையான படம்தான்.

செவப்பு கூரச் சேல அப்படியே பெயின்ட் அடிச்ச மாதிரி வருது. மடிப்பு, சரிகை எதுவும் தெரியல.

சிவப்பு நிரம்பி வழிந்துவிட்டது. கெமராவின் பின்னால் பார்க்கிற சாதாரண ஹிஸ்டோகிராம் (வெளிச்ச வரைபடம்) மொத்த வெளிச்சத்தைக் காட்டும், அதில் எல்லாம் சரி என்று தெரியும்போதே சிவப்பு மட்டும் உச்சியில் முட்டிப் போயிருக்கும். மெனுவில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை எடுங்கள். சிவப்பு வலது சுவரில் முட்டினால் எக்ஸ்போஷரை அரை ஸ்டொப் முதல் ஒரு ஸ்டொப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டொப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்), ராவில் எடுத்து முகத்தைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். செம்பருத்தி, குங்குமம், திருவிழாக் கொடி எல்லாவற்றுக்கும் இதே பதில்.

கத்தரிப்பூ நிறச் சாரி நீலமா வருது. ஒயிட் பேலன்ஸ் சரியா வச்சும் வருது.

இது கஷ்டமான கேள்வி, உங்கள் பிழையும் இல்லை. கெமராவின் சென்சருக்கு மேலே பதித்த சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்கள் நம் கண் பார்க்கிற விதத்துக்கு முழுதாகப் பொருந்துவதில்லை. நம் கண்ணில் சிவப்புப் பக்கத்தை உணரும் செல்கள் ஊதா ஒளிக்கும் கொஞ்சம் அசைந்துகொடுக்கும், அதனால்தான் ஊதாவில் ஒரு செம்மை தெரிகிறது. கெமராவின் சிவப்பு ஃபில்டர் அந்த இடத்தில் அதே மாதிரி நடந்துகொள்ளாது, மிச்சம் நீலம்தான். ஜக்கரண்டாப் பூவும் இப்படித்தான் ஏமாற்றும்.

மருந்து நிற அட்டை. 24 கட்டங்கள் உள்ள அந்தக் கலர் செக்கர் 1976இல் வந்தது, இன்றைக்கும் அதுதான் அளவுகோல். அந்த வெளிச்சத்தில் அட்டையைப் படம் எடுத்து, மென்பொருளில் கொடுத்து, உங்கள் கெமராவுக்கென்று ஒரு புரொஃபைல் (நிறத் திருத்தக் கணக்கு) செய்துகொள்ளுங்கள். பகல் வெளிச்சத்துக்கு ஒன்று, பல்ப் வெளிச்சத்துக்கு ஒன்று போதும். அதற்குப் பிறகும் அந்த ஊதா நூறு வீதம் வராது. மிச்சத்தை அந்த நிறத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கையால் திருப்ப வேண்டும், சேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

ரவிக்கத் துணியும் சாரியும் கடையில ஒரே கலர், படத்துல வேற வேற. கெமரா பொய் சொல்லுதா?

ஹட்டன் டவுனில் ரவிக்கைத் துணி எடுக்கிற அம்மாக்கள் என்ன செய்வார்கள்? துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் சேலையோடு வைத்துப் பார்ப்பார்கள். அவர்களுக்குத் தெரிந்த இந்த விஷயத்துக்கு மெட்டாமெரிசம் என்று பெயர். வேறு வேறு சாயத்தில் தோய்த்த இரண்டு துணி ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும், இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். கெமராவின் பார்வையும் நம் பார்வையும் வேறு என்பதால், நம் கண்ணுக்குப் பொருந்தியது கெமராவுக்குப் பொருந்தாமல் போவதும் உண்டு. ஒயிட் பேலன்ஸால் தீராது, முன் பதிலில் சொன்ன மாதிரி ஒரு துணியை மட்டும் தனியாகத் திருத்துங்கள்.

ஒன்லைன்ல சாரி விக்கிறேன். "படத்துல ஒரு கலர், கையில ஒரு கலர்"னு திருப்பி அனுப்புறாங்க.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது: ஒரே ஜன்னல், ஒரே நேரம், மற்ற விளக்கு எல்லாம் அணைத்து, அட்டை வைத்து எடுங்கள். சுவர் ரோஸோ பச்சையோ பூசியிருந்தால் அந்த நிறமும் துணியில் ஏறும், வெள்ளை அல்லது சாம்பல் துணியைச் சுற்றித் தொங்கவிடுங்கள். மயில்கழுத்துப் பட்டுக்கு ஒரு படம் போதாது. பாவும் ஊடையும் வேறு வேறு நிறம் என்பதால் சாய்வுக்குச் சாய்வு நிறம் மாறும், இரண்டு மூன்று கோணத்தில் போடுங்கள்.

ஃபைலை எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிறவெளியில் (நிறங்களை எண்ணாக எழுதும் ஒரு முறை) சேமியுங்கள். 1996இல் மொனிட்டர்களுக்கென்று வந்த அந்த நிறவெளியைத்தான் பெரும்பாலான திரைகள் எதிர்பார்க்கின்றன. அடோபி ஆர்.ஜி.பி. பெரியது என்று அதில் அனுப்பினால், அதைப் புரிந்துகொள்ளாத செயலியில் நிறம் வெளிறித் தெரியும். வாங்குபவர் போன் உங்கள் கையில் இல்லை. சில போனில் திரை விவிடில் இருக்கும், சிலர் இரவில் கண் பாதுகாப்பு மோடில் மஞ்சளாக வைத்துத்தான் பார்ப்பார்கள். அதனால் படத்தோடு நிறத்தை வார்த்தையிலும் எழுதுங்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று சொன்னால் நம் பெண்களுக்குச் சட்டென்று விளங்கும், அந்தச் சொற்கள் எந்தத் திரையிலும் மாறாது.

எங்க ஆளுங்க படத்துல கறுத்துப் போறாங்க, இல்லாட்டி வெளுத்துப் போறாங்க. நடுவுல வரவே வராதா?

வரும். நான் மிகவும் அக்கறை வைத்திருக்கிற கேள்வி இது. பின்னால் வெள்ளைப் பனிமூட்டம் இருந்தால் கெமரா மொத்தத்தையும் இருட்டாக்கும், முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். எக்ஸ்போஷர் குறைந்த கரிய தோலில் நிறம் தங்காது. முகத்துக்கு அளவெடுங்கள், தேவையானால் ஒரு ஸ்டொப் கூட்டுங்கள், பனி வெளுத்தால் வெளுக்கட்டும். ஃபிளாஷை நேராக நெற்றியில் அடிக்காமல் ஜன்னல் ஒளியைப் பக்கவாட்டில் விழவிட்டால் கரிய தோலில் உள்ள செம்பும் மண்ணும் தானாக எழும்பி வரும்.

வெளுப்பது பெரும்பாலும் வேண்டுமென்றே நடக்கிறது. போனில் உள்ள பியூட்டி மோட் முதலில் செய்வது தோலை வெளுப்பதுதான், அதை அணையுங்கள். இது பழைய பழக்கம். ஃபிலிம் காலத்தில் கோடக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய மாதிரிப் படத்தில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண், ஷேர்லி அட்டை என்பார்கள், அவர் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். அந்த அளவுகோலில் நாம் இல்லை.

சில வருடம் முன்னால் காலமான ஒரு அம்மாவின் படத்தைப் பெரிதாக்கி மாலை போட என்னிடம் கேட்டார்கள். நான் அனுப்பிய ஃபைலை லேபில் கேட்காமலே வெளுத்து அடித்திருந்தார்கள். மகள் வாங்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "இது எங்கம்மா மாதிரி இல்லீங்களே" என்றார். நாற்பது வருடம் மலையில் வெயிலில் நின்ற முகம் அது. அன்றிலிருந்து தோலைத் தொடாதே என்று எழுதிக் கொடுத்துத்தான் பிரின்ட் போடுகிறேன்.

மொனிட்டர்ல சரியா இருக்கு, பிரின்ட்ல இருட்டா, மஞ்சளா வருது.

பிரின்ட்டைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் மொனிட்டரைப் பாருங்கள். கடையில் வரும்போதே அது கண்ணைக் கூசும் வெளிச்சத்தில், நீலம் கூட்டித்தான் வரும். நிற வெப்பம் 6500, பிரகாசம் 100 கேண்டெலா பக்கம் என்று வையுங்கள். அளவிடும் கருவி விலைதான், நாலு ஸ்டூடியோக்காரர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றிக்கொள்ளலாம், மாதம் ஒருமுறை போதும்.

அப்புறம் லேபில் ஓட்டோ கரெக்ஷனை நிறுத்தச் சொல்லி, சின்ன அளவில் ஒரு மாதிரிப் பிரின்ட் எடுங்கள். அதைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், கடைக்குள் டியூப்பில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ரவிக்கைத் துணிக்குச் சொன்னதேதான்.

டீ விக்கிறதுக்குச் சாயத்தோட நிறத்த அப்படியே காட்டணும். எப்படி எடுக்கிறது?

சாயத்தின் நிறம் ஆழத்தைப் பொறுத்தது, அதனால் எல்லாத் தேயிலைக்கும் ஒரே கோப்பை, ஒரே அளவு. ருசி பார்ப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு முறை இருக்கிறது: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். அதைப் பின்பற்றினால் இன்றைய படத்தையும் அடுத்த மாதப் படத்தையும் பக்கத்தில் வைக்கலாம். வெள்ளைப் பீங்கானில் ஊற்றி உடனே எடுங்கள், நின்றால் கறுக்கும், ஆறினால் கலங்கும்.

வடக்கு ஜன்னல்தான் நல்லது என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும். அது அவர்கள் ஊருக்கு. நாம் பூமத்தியரேகைக்கு 7 பாகை வடக்கே இருக்கிறோம், சித்திரைப் புத்தாண்டு சமயத்தில் சூரியன் நம் உச்சிக்கு வந்து, அதற்குப் பிறகு செப்டம்பர் தொடக்கம் வரைக்கும் நடுப்பகலில் வடக்குப் பக்கமாகவே நிற்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலுக்கு மாறுங்கள். மேகம் மூடிய நாள் என்றால் எந்த ஜன்னலும் சரி. கோப்பைக்குப் பக்கத்தில் கிரே கார்டு மறக்க வேண்டாம், பீங்கான் வெள்ளை என்று அதை நம்பக்கூடாது, சில பீங்கான் நீலம் காட்டும், சிலது பால் நிறம்.

வீட்டுல பழைய கலர் போட்டோ எல்லாம் செவந்து போச்சு. கெமராவுல எடுத்துப் பழைய நிறத்தக் கொண்டுவரலாமா?

ஓரளவு வரும். அந்தக் காலத்துக் கலர் தாளில் மூன்று சாயங்கள் உண்டு. இருட்டில் பெட்டிக்குள் கிடந்தாலும் பச்சைநீலச் சாயம் முதலில் கரைந்துபோகும், மிச்சம் இருப்பது சிவப்பு. அடுப்புப் புகை படிந்திருந்தால் மேலே ஒரு மஞ்சள் பூச்சும் சேர்ந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி, படத்துக்கு நேராகக் கெமராவை நிறுத்தி, இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒரே மாதிரி வெளிச்சம் கொடுத்து, ராவில் எடுங்கள். அட்டையையும் பக்கத்தில் வையுங்கள், ஆனால் அது இப்போதைய வெளிச்சத்தைத்தான் சரிபண்ணும், போன சாயத்தைத் தராது. அதற்கு மென்பொருளில் கர்வ்ஸ் என்ற கருவியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். தலைமுடியைக் கறுப்பாக்கிக்கொண்டு தொடங்குங்கள், வேட்டியை வெள்ளையாக்குவது கடைசியில், அதுவும் முழு வெள்ளையாக்க வேண்டாம்.

மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே போன சொந்தங்களோடு கடைசியாகச் சேர்ந்து எடுத்த படங்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன, எனக்கு வருபவற்றில் பாதி அவைதான். அதில் சேலை என்ன நிறம், சுவர் என்ன நிறம் என்று ஊகித்துப் பூசாதீர்கள். படத்தில் இருக்கிற யாராவது வீட்டில் இருப்பார்கள், இல்லையென்றால் கப்பலேறிய பக்கத்தில் ஒருவர் போனில் கிடைப்பார். கேளுங்கள். போன மாதம் ஒரு பாட்டி திரையைத் தொட்டுக் காட்டி, "இது அரக்கு இல்ல தம்பி, ஈரக் கொழுந்து நெறம்" என்றார். அப்படித்தான் திருத்திக் கொடுத்தேன்.